கையைக் கடிக்காமல் ஒரு போகிமான் போட்டி டெக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போகிமான் கார்டு கேமில் போட்டிக்குப் போக ஆசை, ஆனால் கார்டு விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது என்பவர்களுக்காக எழுதியது இது. கேள்விகள் பெரும்பாலும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் கேட்பவை. டெக் என்பது ஒருவர் ஆடக் கொண்டுவரும் 60 கார்டுக் கட்டு. விளையாட்டின் விதிகள் ஓரளவு தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். தெரியாதவர்களுக்காக அங்கங்கே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

ஜெயிக்கிற டெக் என்றால் ஆயிரக்கணக்கில் செலவாகும் இல்லையா?

செய்திகளில் வரும் விலையெல்லாம் சேகரிப்பவர்கள் கொடுக்கிற விலை. விளையாடுகிறவருக்கு அந்தக் கார்டு தேவையே இல்லை. 2025 ஜனவரியில் பிரிஸ்மாட்டிக் எவல்யூஷன்ஸ் என்ற தொகுப்பு வந்தது. அதில் அம்பிரியான் இஎக்ஸ் (இஎக்ஸ் என்பது பலம் கூடிய போகிமான் வகை) கார்டின் சிறப்பு ஓவியப் பதிப்பு அந்த ஆண்டே ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. அதே அம்பிரியான் இஎக்ஸ், அதே எச்பி (எவ்வளவு சேதம் தாங்கும் என்ற எண்), அதே தாக்குதல்களோடு, சாதாரணப் பதிப்பில் சில டாலருக்குக் கிடைத்தது. போட்டி மேசையில் இரண்டுக்கும் எள்ளளவும் வித்தியாசம் கிடையாது. கார்டின் பெயரும் அதில் எழுதியிருப்பதும்தான் கணக்கு, மினுமினுப்பு இல்லை.

ஆகவே முதல் வேலை, எந்தக் கார்டைத் தேடினாலும் விலையை ஏறுவரிசையில் அடுக்கிப் பார்ப்பது. மேலே வருவதை வாங்குங்கள். இந்த ஒரு பழக்கமே டெக்கின் செலவைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிடும்.

பூஸ்டர் பாக்கெட் வாங்கிப் பிரித்துப் பிரித்து டெக் சேர்க்கலாமா?

வேண்டாம். ஒரு பாக்கெட்டில் 10 கார்டு. உங்களுக்கு வேண்டியதோ குறிப்பிட்ட ஒரு கார்டில் நான்கு. அது எந்தப் பாக்கெட்டில் வரும் என்று யாருக்கும் தெரியாது. பாக்கெட் பிரிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. பிறந்தநாளுக்கு இரண்டு பிரியுங்கள், அது வேறு கதை. டெக் என்று வந்தால் தனிக் கார்டாக, அதாவது சிங்கிள்ஸாக வாங்குவதுதான் வழி. அமெரிக்காவில் டிசிஜி பிளேயர், ஐரோப்பாவில் கார்டுமார்க்கெட் ஆகிய தளங்களில் ஆயிரக்கணக்கான விற்பவர்கள் போட்டி போட்டு விற்கிறார்கள். இந்தியாவிலிருந்து வரவழைப்பதென்றால் தபால் செலவும் சுங்க வரியும் கார்டு விலையையே மிஞ்சிவிடும். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பார்சலாகப் போடுங்கள், அல்லது உள்ளூரில் விற்பவரிடம் கொஞ்சம் கூடக் கொடுத்தே வாங்குங்கள். ஊருக்கு வரும் அத்தையோ மாமாவோ பெட்டியில் கொண்டுவருவது இன்னும் மேல். அறுபது கார்டு ஒரு சோப்புப் பெட்டி அளவுதான்.

பையனிடம் ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய தங்கக் கலர் போகிமான் கார்டு நூற்றுக்கணக்கில் இருக்கிறது. அதை வைத்து டெக் போடலாமா?

போட முடியாது. அவை போலி. பிளாஸ்டிக் தகடு மாதிரி வளைகிற, தங்க நிறத்தில் ஜொலிக்கிற அந்தக் கார்டுகளை எந்தப் போட்டியிலும் அனுமதிக்க மாட்டார்கள். காகிதத்தில் வரும் போலிகளும் உண்டு. போகிமான் என்று ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்தின் மேல் சாய்கோடு வரும், போலிகளில் பலவற்றில் அது இருக்காது. எச்பி எண் நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்கும். பின்பக்க நீலம் வெளிறியிருக்கும். சந்தேகமாக இருந்தால் செல்போன் டார்ச்சைக் கார்டுக்குப் பின்னால் பிடியுங்கள். அசல் கார்டின் நடுவில் கருநிறத்தில் ஒரு மெல்லிய அடுக்கு இருப்பதால் வெளிச்சம் அவ்வளவாக ஊடுருவாது. போலியில் பளிச்சென்று தெரியும்.

பையனிடம் இதை எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு. வீட்டில் தம்பியோடு விளையாட அவை தாராளமாகப் போதும்.

சரி, கையில் இருக்கிற பணத்தில் முதலில் எதை வாங்குவது?

டிரெய்னர் கார்டுகள். இதைத்தான் பலர் கடைசியில் யோசிக்கிறார்கள்.

60 கார்டு டெக்கில் போகிமான் சுமார் 15 முதல் 20 இருக்கும், தாக்குவதற்குத் தேவையான எனர்ஜி கார்டு பத்துக்குள் இருக்கும். மிச்சம் முப்பதுக்கும் மேலே எல்லாம் டிரெய்னர்தான். புதிதாக வருபவர் டெக்கில் இது தலைகீழாக இருக்கும்: போகிமான் முப்பது, எனர்ஜி இருபது, டிரெய்னர் பத்து. அந்த டெக் தோற்பதற்கு எதிராளியே வேண்டாம், தானாகவே நின்றுவிடும். கையில் தீ எனர்ஜி ஐந்து இருக்கும், இறக்க வேண்டிய போகிமான் டெக்குக்குள் எங்கோ கிடக்கும்.

டிரெய்னர் என்பவை அதைத் தேடி எடுத்துத் தரும் கார்டுகள். அல்ட்ரா பால், கையிலிருந்து இரண்டு கார்டைக் கழித்துவிட்டு எந்தப் போகிமானையும் எடுக்க. படி-படி பாஃபின், 70 எச்பிக்கு மேற்படாத அடிப்படைப் போகிமான் இரண்டை நேரே பென்ச்சில், அதாவது முன்னால் நிற்கும் போகிமானுக்குப் பின்வரிசையில், இறக்க. ரேர் கேண்டி, நடுப் பரிணாமத்தைத் தாண்டிக் குதிக்க. நைட் ஸ்ட்ரெச்சர், கழிவுக் குவியலிலிருந்து ஒரு போகிமானையோ அடிப்படை எனர்ஜியையோ மீட்க. பாஸஸ் ஆர்டர்ஸ், எதிராளியின் பென்ச்சில் ஒளிந்திருப்பதை முன்னால் இழுத்துவர. கை காலியானால் நிரப்ப லில்லீஸ் டிடர்மினேஷன் போன்ற சப்போர்ட்டர் வகை டிரெய்னர்கள்.

இவை எந்த டெக்கிலும் பொருந்தும். இன்று புல் டெக், ஆறு மாதம் கழித்து டிராகன் டெக் என்று மாறினாலும் இந்த முப்பது கார்டில் பாதிக்கு மேல் அப்படியே கூட வரும். பெரும்பாலானவை சாதாரண அரிதுநிலையில் அச்சாவதால் விலையும் குறைவு. ஒவ்வொன்றிலும் நான்கு வாங்கி வைத்துவிட்டால் பிறகு புது டெக் என்பது போகிமான் பகுதியை மட்டும் மாற்றுவதுதான். நட்சத்திரப் போகிமானுக்கு முதலில் பணத்தைக் கொட்டிவிட்டு, பாஃபின் இரண்டு போதும் என்று சமாளிக்கிற டெக்குகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாவமாக இருக்கும்.

விலை குறைந்த, ஆனால் நிஜமாகவே விளையாடக்கூடிய ஒரு டெக் சொல்லுங்களேன்.

டிப்லின் என்ற போகிமானை வைத்து ஆடும் டெக். 2024 மே மாதம் வந்த ட்வைலைட் மாஸ்கரேட் தொகுப்புக் கார்டு. இதில் இஎக்ஸ் போகிமானே தேவையில்லை, அதனால்தான் மலிவு.

டிப்லினின் தாக்குதல் பெயர் டூ தி வேவ். ஒரே எனர்ஜி போதும். உங்கள் பென்ச்சில் இருக்கும் ஒவ்வொரு போகிமானுக்கும் 20 சேதம், ஐந்து இருந்தால் 100. இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். விஷயம் ஃபெஸ்டிவல் லீட் என்ற அதன் திறனில் இருக்கிறது. ஃபெஸ்டிவல் கிரவுண்ட்ஸ் என்ற ஸ்டேடியம் கார்டு மேசையில் இருந்தால் டிப்லின் ஒரே முறையில், அதாவது உங்கள் ஒரே டர்னில், இரண்டு தடவை தாக்கலாம். முதல் அடியில் எதிராளியின் போகிமான் விழுந்துவிட்டால், அவர் அடுத்ததை முன்னால் வைத்த பிறகு அதையும் அடிக்கலாம். 100 எச்பிக்குள் இருக்கும் இரண்டு போகிமான் ஒரே முறையில் போய்விடும்.

கூடவே த்வாக்கி என்ற போகிமான். ஃபெஸ்டிவல் லீட் திறன் உள்ள போகிமான் முன்னால் நின்றால், த்வாக்கி ஒவ்வொன்றும் முறைக்கு ஒரு தடவை டெக்கிலிருந்து எந்தக் கார்டையும் தேடி எடுத்துத் தரும். எந்தக் கார்டையும் என்பதைக் கவனியுங்கள். இரண்டு த்வாக்கி பென்ச்சில் இருந்தால், அந்த முறைக்கு என்ன இரண்டு கார்டு வேண்டுமோ அவை கையில். இவ்வளவு தேடும் வசதி விலை உயர்ந்த டெக்குகளிலும் அபூர்வம்.

ப்ரைஸ் கார்டுக் கணக்கும் உங்கள் பக்கம். எதிராளியின் போகிமானை வீழ்த்தும்போது எடுக்கும் கார்டுதான் ப்ரைஸ், ஆறையும் முதலில் எடுப்பவர் வெற்றி. எதிராளியின் இஎக்ஸ் விழுந்தால் உங்களுக்கு இரண்டு, 2025 செப்டம்பரில் வந்த மெகா இஎக்ஸ் வகை விழுந்தால் மூன்று. டிப்லின் விழுந்தால் அவருக்கு ஒன்றே ஒன்று. நீங்கள் மூன்று இஎக்ஸை வீழ்த்தினால் ஆட்டம் முடிந்தது. அவர் ஆறு தடவை அடிக்க வேண்டும்.

பலவீனமும் சொல்லிவிடுகிறேன். எதிராளி தன் ஸ்டேடியத்தை இறக்கினால் உங்கள் ஃபெஸ்டிவல் கிரவுண்ட்ஸ் கழிவுக்குப் போய்விடும், இரட்டைத் தாக்குதலும் போச்சு. அதனால்தான் நான்கு ஃபெஸ்டிவல் கிரவுண்ட்ஸ் கட்டாயம், மூன்றில் மிச்சம் பிடிக்காதீர்கள். கையில் ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும், த்வாக்கி இருக்கும்போது அது கஷ்டமில்லை. இன்னொன்று, ஒரு முறையில் அதிகபட்சம் 200 என்பதால் 320 எச்பி உள்ள டிராகபல்ட் இஎக்ஸ் மாதிரி உருப்படிகளை வீழ்த்த இரண்டு முறை ஆகும். அதற்குள் டிராகபல்ட் முன்னால் 200 அடித்து, பென்ச்சில் ஆறு சேதக் கவுன்ட்டரும் பரப்பியிருக்கும், டிப்லினாக வளரும் உங்கள் ஆப்ளின் குட்டிகள் அதில்தான் காலியாகும். அந்த ஆட்டம் கஷ்டம்தான். ஆனாலும் கடை லீகில் இந்த டெக்கோடு உட்கார்ந்தால் யாரும் உங்களை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இஎக்ஸ் டெக்தான் வேண்டும் என்று பிள்ளை அடம் பிடிக்கிறாள்.

அப்படியானால் லீக் பேட்டில் டெக் என்று பெட்டியில் எழுதியிருப்பதைத் தேடுங்கள். போகிமான் நிறுவனமே போட்டி டெக்குகளை ஒட்டி 60 கார்டோடு விற்பது இது. கார்டெவோர், சாரிசார்ட், டிராகபல்ட் எல்லாம் இப்படி வந்திருக்கின்றன. வெறும் பேட்டில் டெக் என்று மலிவாக வருவது வேறு, அது கற்றுக்கொள்ள மட்டும். லீக் பேட்டில் டெக்கில் பயனுள்ள டிரெய்னர்கள் நிறைய இருக்கும் என்பதால் பெட்டி விலை நியாயமாக இருக்கும்போது அவற்றுக்காகவே வாங்கலாம். தட்டுப்பாடு வந்து விலை ஏற்றி விற்கும்போது வாங்காதீர்கள், உள்ளே இருப்பதைத் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள்.

பெட்டியைப் பிரித்ததும் நாலைந்து கார்டை மாற்ற வேண்டியிருக்கும். அதற்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கி வையுங்கள்.

உலக சாம்பியன் டெக் என்று மலிவாக விற்கிறார்களே, அது?

ஒவ்வோர் ஆண்டும் உலகப் போட்டியில் ஆடிய டெக்குகளை அப்படியே அச்சிட்டு விடுகிறார்கள். பின்பக்கம் வேறு மாதிரி இருக்கும், போட்டியில் செல்லாது. வீட்டில் பழக அருமையானது. நல்ல டெக் எப்படி ஓடுகிறது என்று கையால் தொட்டுப் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. போட்டிக்கு என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

இன்று வாங்கினால் அடுத்த ஆண்டு செல்லாமல் போய்விடும் என்கிறார்களே?

உண்மை. ஸ்டாண்டர்டு வகைப் போட்டியில் ஒவ்வோர் ஆண்டும் பழைய கார்டுகள் வெளியேறும், அதற்கு ரொட்டேஷன் என்று பெயர். கார்டின் கீழ் இடது மூலையில் சின்னதாக ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அந்த எழுத்து வரிசைப்படிதான் வெளியேற்றம். 2024 ஏப்ரலில் இ போனது, 2025 ஏப்ரலில் எஃப் போனது. வாங்குமுன் அந்த எழுத்தைப் பாருங்கள். அடுத்து வெளியேறப் போகிற எழுத்து என்றால், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் யோசியுங்கள். மலிவாக இருப்பதற்குக் காரணமே அதுவாக இருக்கலாம்.

இதில் ஒரு நல்ல சலுகை இருக்கிறது. ஒரு கார்டு புதிய எழுத்தோடு மறுபடி அச்சானால் உங்களிடம் இருக்கும் பழைய பதிப்பும் செல்லும். அல்ட்ரா பால், பாஸஸ் ஆர்டர்ஸ், ரேர் கேண்டி மூன்றும் 2025இன் மெகா எவல்யூஷன் தொகுப்பில் மறுபடி வந்தன, எனவே பழையதை வைத்திருந்தவர்கள் எதையும் வாங்க வேண்டியிருக்கவில்லை. டிரெய்னரில் போட்ட பணம் நீண்ட நாள் உழைக்கும் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அண்ணன் விளையாடிய காலத்துப் பெட்டி பரணில் இருந்தால் ஒருதடவை கிளறிப் பாருங்கள்.

ஏஸ் ஸ்பெக் கார்டுகள் விலை அதிகம். அது இல்லாமல் ஆடலாமா?

ஆடலாம், ஆனால் ஆட வேண்டாம். இவை ஒரு டெக்கில் ஒன்றே ஒன்றுதான் வைக்கலாம் என்ற விதியோடு வரும் பலமான கார்டுகள். 2024 மார்ச்சில் மறுபடி கொண்டுவந்தார்கள். ஒன்றே ஒன்று என்பது உங்களுக்குச் சாதகம்: நான்கு வாங்க வேண்டியதில்லை. உங்கள் டெக்குக்குப் பொருந்துவதில் விலை குறைந்தது எது என்று பாருங்கள். எல்லோரும் பிரைம் கேட்சர் வைக்கிறார்கள் என்பதற்காக நீங்களும் வைக்க வேண்டியதில்லை. ஒரு ப்ரைஸ் போகிமான் ஆடுகிற டெக்கில் உங்கள் போகிமான் அடிக்கடி விழும், அங்கே அன்ஃபேர் ஸ்டாம்ப் அதைவிட நன்றாக வேலை செய்யும்: எதிராளியின் முந்தைய முறையில் உங்கள் போகிமான் விழுந்திருந்தால், நீங்கள் ஐந்து கார்டு எடுக்க, அவர் கையில் இரண்டு மட்டும் மிஞ்சும்.

நான்குக்குப் பதில் இரண்டு வைத்து மிச்சம் பிடிக்கலாமா?

கணக்கைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நான்கு வைத்தால் முதல் ஏழு கார்டில் ஒன்றாவது வர 40 சதவீதம் வாய்ப்பு. நான்கு வைத்தே அவ்வளவுதான். ஒன்று மட்டும் வைத்தால், ஆட்டம் தொடங்கும்போதே அது ஆறு ப்ரைஸ் கார்டுக்குள் போய் மாட்டிக்கொள்ள பத்துக்கு ஒரு வாய்ப்பு. அடிப்படைப் போகிமான் எட்டு வைத்தால் முதல் கையில் ஒன்றுகூட வராமல் மறுபடி கலைக்க வேண்டிவருவது 35 சதவீதம், ஒவ்வொரு தடவையும் எதிராளி ஒரு கார்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு வைத்தால் இது 19 சதவீதமாகக் குறையும்.

முதல் முறையிலேயே வேண்டிய கார்டில் நான்கு வையுங்கள். ஆட்டத்தின் பின்பாதியில் தேடி எடுக்கிற கார்டில் ஒன்றோ இரண்டோ போதும். மிச்சம் பிடிப்பதென்றால் அங்கே பிடியுங்கள்.

ஜப்பானியக் கார்டு மலிவாகக் கிடைக்கிறது.

அமெரிக்கா, கனடா, பிரிட்டன் போட்டிகளில் செல்லாது. மற்ற ஊர்களில் எந்த மொழி செல்லும் என்று போட்டி நடத்துபவரிடம் முன்பே கேளுங்கள்.

வாங்குமுன் டெக்கை ஓட்டிப் பார்க்க வழி உண்டா?

இரண்டு உண்டு. ஒன்று, போகிமான் டிசிஜி லைவ் என்ற இலவசச் செயலி. 2023 ஜூனில் முழுமையாக வந்தது. தொடக்கத்திலேயே பல டெக்குகளைத் தருவார்கள், தினமும் ஆடினால் கிடைக்கும் புள்ளிகளில் மற்றக் கார்டுகளை உருவாக்கிக்கொள்ளலாம். காசு கட்டாமலே போட்டித் தரமான டெக் ஆடலாம். டிசிஜி பாக்கெட்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது 2024 அக்டோபரில் வந்த வேறு விளையாட்டு, டெக்கில் 20 கார்டுதான், விதிகளும் வேறு. பாக்கெட்டில் கில்லாடியாக இருப்பவர் இங்கே வந்ததும் முதல் நாள் திணறுவார்.

இன்னொன்று, காகிதம். கார்டின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதி, பயனில்லாத கார்டு ஒன்றின் மேல் வைத்து, கார்டுக்குப் போடும் பிளாஸ்டிக் உறைக்குள் செருகினால் ஆயிற்று. நண்பர்களோடு பழகத் தாராளமாகப் போதும், போட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒரு டெக்கைக் காகிதத்தில் பத்து ஆட்டம் ஆடிய பிறகும் பிடித்திருந்தால் மட்டும் பர்ஸைத் திறங்கள்.

இணையத்தில் ஜெயித்த டெக்கை அப்படியே காப்பி அடிப்பது தப்பா?

தப்பே இல்லை. லிமிட்லெஸ் என்ற தளத்தில் பெரிய போட்டிகளின் டெக் பட்டியல்கள் கார்டு கார்டாக இருக்கின்றன. முதல் டெக்கை ஒரு கார்டுகூட மாற்றாமல் எடுத்து ஆடுங்கள். விலை அதிகமான ஒரு கார்டை மட்டும் வேறொன்றால் மாற்றலாம் என்று தோன்றும்போது, அதே டெக்கின் ஐந்தாறு பட்டியல்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாவற்றிலும் இருக்கும் கார்டு என்றால் கை வைக்காதீர்கள். இரண்டில் மட்டும் இருந்தால் அது அந்த ஆட்டக்காரரின் விருப்பம், உங்களுக்குக் கட்டாயமில்லை.

எல்லோரும் ஆடும் டெக்தான் ஜெயிக்கும் என்றும் இல்லை. 2024இல் ஹொனலூலுவில் நடந்த உலகப் போட்டியில் மாஸ்டர்ஸ் என்ற பெரியவர் பிரிவை வென்றவர் சிலி நாட்டின் ஃபெர்னாண்டோ சிஃபுவென்டெஸ். அவர் கையில் இருந்தது அயர்ன் தார்ன்ஸ் இஎக்ஸ். அது முன்னால் நிற்கும்வரை, எதிரியின் இஎக்ஸ் போன்ற பெரிய போகிமான்களின் திறன்கள் வேலை செய்யாது. மற்றவர்கள் பணம் போட்டுச் சேர்த்த திறன்களை முடக்குவதே அந்த டெக்கின் வேலை. எல்லோரும் எதை நம்பியிருக்கிறார்கள் என்று தெரிந்தவருக்கு மட்டுமே இந்த மாதிரி டெக் பயன்படும். ஆகவே முதலில் காப்பி, அப்புறம் குறும்பு.

உறை அவசியமா? அதிலும் மலிவு போதுமா?

அவசியம். பின்பக்கம் ஒளி ஊடுருவாத, ஒரே நிறத்தில் ஒரே மாதிரியான உறை. அறுபதுக்கு மேல் ஐந்தாறு உபரி இருக்கட்டும். நடுவில் ஒன்று கிழிந்து வேறு உறை போட்டால் அந்தக் கார்டு எது என்று பின்னாலிருந்தே தெரிந்துவிடும், நடுவர் தண்டனை கொடுப்பார். மலிவான உறை சீக்கிரம் மூலை மடங்கும், கடைசியில் இரண்டு தடவை வாங்கவேண்டி வரும். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பாய், டெக் பெட்டி, படம் போட்ட நாணயம் எல்லாம் அப்புறம்.

போட்டி எங்கே நடக்கிறது?

போகிமான் தளத்தில் ஊரைக் கொடுத்தால் அங்கே நடக்கும் அதிகாரப்பூர்வ நிகழ்வுகளைக் காட்டும். சிங்கப்பூர், கோலாலம்பூர், டொராண்டோ, லண்டன் போன்ற ஊர்களில் கார்டு கடைகளிலேயே வாராந்தர ஆட்டம் நடக்கும். முதல் தடவை ஆடாமல் போய்ச் சும்மா பாருங்கள். மாற்றிக்கொள்ள உபரிக் கார்டுகளையும் எடுத்துப் போங்கள், காசே கொடுக்காமல் பாதி டெக் அங்கேயே தேறிவிடும். சின்னப் பிள்ளைகள் மாற்றும்போது மட்டும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருங்கள். படம் பிடித்திருக்கிறது என்பதற்காக எதையும் எதற்கும் கொடுத்துவிடுவார்கள்.

வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒரே செட் டிரெய்னர் போதுமா?

வீட்டில் ஆளுக்கொரு நாள் என்றால் போதும். போட்டிக்கு இருவரும் ஒன்றாகப் போனால் போதாது. ஜூனியர், சீனியர் என்று வயதுப் பிரிவு வேறாக இருந்தாலும் ஆட்டங்கள் பெரும்பாலும் ஒரே நேரத்தில்தான் நடக்கும். இரண்டு செட் டிரெய்னர் வாங்குங்கள், போகிமான் மட்டும் வேறு வேறாக இருக்கட்டும். உறையின் நிறத்தையும் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் காலையில் கடை வாசலில் நின்றுகொண்டு அந்த நாலாவது அல்ட்ரா பால் யாருடையது என்று பஞ்சாயத்து பண்ண வேண்டியிருக்கும்.